வாத்தியாரோட போனா நாலாயிரந்தான் வருது

டிசம்பர் கடைசி வாரத்தில் முகநூலைத் திறக்கவே எனக்குப் பயம். 'இவ்வாண்டு வாசித்தவை' என்று எண் போட்ட பட்டியல்கள் வரிசை கட்டி நிற்கும். 43, 71, 112. அட்டைப்படங்களைச் சதுரம் சதுரமாக ஒட்டிய கொலாஜ். கீழே, 'எப்படிண்ணே உங்களுக்கு மட்டும் நேரம் கிடைக்குது?' என்று ஒரு தம்பி. 'மனசிருந்தா மார்க்கமுண்டு தம்பி' என்று அண்ணன். பத்து நாள் கழித்து அதே அண்ணனும் தம்பியும் நந்தனத்தில் புத்தகக் காட்சியில் இரண்டு கையிலும் பை தொங்க, அடுத்த வருடத்துக்கான கச்சாப்பொருளைக் கொள்முதல் செய்துகொண்டிருப்பார்கள்.

நம் ஆட்களுக்கு கார்ப்பரேட் என்றாலே ஆகாது. சந்தை, நுகர்வு, எண்களின் வன்முறை என்று வருடம் முழுக்கப் பேசுவோம். டிசம்பர் 31 ஆனால் நமக்கு நாமே அப்ரைசல் எழுதி, நாமே கையெழுத்துப் போட்டு, பொதுச்சுவரில் ஒட்டுவோம். எந்த மேனேஜரும் கேட்காத ரிப்போர்ட் அது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்றால், நானும் ஒட்டினேன். 2024 ஜனவரி 1 அன்று குட்ரீட்ஸில் 60 என்று போட்டேன். அந்தத் தளத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடத்தில் இத்தனை நாள் போயிருக்கிறது, நீ இத்தனை புத்தகம் முடித்திருக்க வேண்டும், நாலு புத்தகம் பின்தங்கியிருக்கிறாய் என்று சொல்லும். யாருக்குப் பின்தங்கியிருக்கிறேன்? அந்தக் கேள்வி அன்று எனக்கு வரவில்லை. மார்ச்சில் ஆறு புத்தகம் பின்தங்கியதும் கை தானாக அலமாரியில் ஒல்லியான முதுகுகளைத் தேட ஆரம்பித்தது. குறுநாவல், நேர்காணல் தொகுப்பு, 64 பக்கக் கவிதைத் தொகுப்பு. கவிதைத் தொகுப்பை முக்கால் மணி நேரத்தில் முடித்தால் ஒரு எண். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைத் தொட்டால் மூன்று வாரம் போகும், அதற்கும் ஒரே எண்தான். ஆகவே தோணி கரையிலேயே நின்றது. 'வெண்முரசு' படிக்கும் நண்பர் ஒருவர் மெனக்கெட்டு போன் செய்து, இதை ஒரு புத்தகமாகப் போடுவதா இருபத்தாறாகப் போடுவதா என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன். இல்லை.

60 முடித்தேன். 61. அந்த அறுபத்தியொன்றில் இன்று எனக்கு ஒழுங்காக நினைவிருப்பவை ஒரு எட்டு இருக்கலாம்.

என் தொழிலில் இதற்கு அச்சு அசலான ஒரு உதாரணம் இருக்கிறது. மென்பொருள் எழுதும்போது அதைச் சோதிக்கவும் நாமே தனியாக நிரல் எழுதுவோம். அந்தச் சோதனைகள் மொத்த நிரலில் எத்தனை சதவிகித வரிகளைத் தொட்டு ஓடுகின்றன என்பதற்கு 'கவரேஜ்' என்று பெயர். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், காலாண்டு முடிவதற்குள் கவரேஜ் 80 சதவிகிதம் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். வந்தது. எப்படி வந்தது? நிரலைக் கூப்பிட்டு ஓடவிடும், ஆனால் வந்த விடை சரியா என்று பார்க்காத சோதனைகளை எழுதினோம். வரி தொடப்பட்டது, கணக்கு ஏறியது, டேஷ்போர்டு பச்சையானது. நாற்பதுக்கு மேல் நானே எழுதியிருப்பேன். இரண்டு மாதம் கழித்து ஒரு வரித்தொகையை முழுமையாக்கும் இடத்தில் பைசா கணக்குத் தப்பி, சில ஆயிரம் ரசீதுகள் தவறாகப் போயின. அந்த இடத்துக்குச் சோதனை இருந்தது. நான் எழுதியதுதான். விடையைப் பார்க்காத சோதனை.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக்கொள்கை பற்றிப் பேசும்போது சொன்ன ஒரு விஷயம் இப்போது அவர் பெயரிலேயே விதியாகிவிட்டது. எதை வைத்து அளக்கிறோமோ அதையே துரத்த ஆரம்பித்தால், அது அளக்கும் சக்தியை இழந்துவிடும். ஐ.டி.யில் இருப்பவர்கள் பாதிப்பேருக்கு இது மனப்பாடம். பேசிக்கொண்டே அடுத்த காலாண்டுக்கு இலக்கு வைப்பார்கள். ஆண்டி குரோவ் 1970களில் இன்டெல்லில் வளர்த்து, ஜான் டோர் 1999இல் கூகுளுக்குக் கொண்டுபோன ஓ.கே.ஆர். முறையில்கூட, 0.7 எட்டினால் நல்லது, முழுசாக 1 எட்டினால் இலக்கு சின்னது என்று அர்த்தம். சிலிக்கான் பள்ளத்தாக்கே தனக்கு முப்பது சதவிகிதம் மன்னிப்பு வைத்துக்கொண்டது. நாம்தான் நூற்றுக்கு நூறு கேட்கிறோம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இன்னும் உள்ளே எங்கோ கிடக்கிறது.

இவ்வளவு தூரம் வந்தால் ஒரு கூட்டம் கைதட்டும். 'கரெக்ட் ப்ரோ. ரிசல்ட்டைப் பார்க்காதே, ப்ராசஸை நம்பு' என்பார்கள். என் சண்டை இவர்களோடும்தான். சொல்லப்போனால் இவர்களோடுதான் அதிகம்.

ஸ்காட் ஆடம்ஸ் 2013இல் வந்த தன் புத்தகத்தில் இலக்கு வைப்பவர்கள் தோற்பார்கள், முறைமை வைப்பவர்கள் ஜெயிப்பார்கள் என்ற பொருளில் எழுதினார். 2018இல் ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' அதையே இன்னும் மென்மையாகச் சொல்லி உலகம் முழுக்க விற்றது. இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பலனை மறந்துவிடு, ஏனென்றால் அப்போதுதான் பலன் வரும். இது துறவு கிடையாது. தூண்டிலில் மீன் மாட்டுகிறதா என்று பார்க்காத மாதிரி நடிப்பது. கடைக்கண் முழுக்க மிதவையில்தான் இருக்கிறது.

சரி, பலனை விட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? சங்கிலியை. தினமும் செய், சங்கிலி அறுபடக் கூடாது. டுவோலிங்கோவில் 400 நாள் தொடர்ச்சி வைத்திருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். ஜெர்மன் படிக்கிறார். ஒருநாள் படிக்காமல் விட்டால் சங்கிலி அறுபடாமல் இருக்க அந்தச் செயலியில் ஒரு சலுகையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். படிக்காத நாளையும் காப்பாற்றிக் கொடுக்கும். ஜெர்மன்காரர் ஒருவரோடு அலுவலகத்தில் பேச வாய்ப்பு வந்தபோது இவர் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தார். 'தப்பாயிடுச்சுன்னா?' என்றார். 400 நாளில் ஒரு தப்புக்கூட செய்யத் தயாராகாதவர்.

கிட்ஹப் தளத்தில் நிரலர்களின் பக்கத்தில் பச்சைக் கட்டங்கள் இருக்கும், எந்தெந்த நாள் வேலை செய்தாய் என்று காட்ட. முன்பு அதன் அடியில், தொடர்ச்சியாக எத்தனை நாள் என்ற எண்ணும் இருந்தது. அந்த எண்ணுக்காக நடுராத்திரி எழுந்து ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்துவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு. 2016இல் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். உடனே சிலர் அழுதார்கள், எங்கள் ஊக்கம் போய்விட்டதே என்று. எனக்கு அந்த அழுகை புரிகிறது. ஆனால் எண் போனதும் போய்விடுகிற ஊக்கம் எந்த வேலையின் மீது இருந்தது?

பலனாவது ஒருநாள் வந்து முடியும். பரீட்சை எழுதினால் ரிசல்ட் வரும், பாஸோ பெயிலோ மூட்டையைக் கட்டலாம். சங்கிலிக்கு முடிவே கிடையாது. நீளமாக நீளமாக அறுந்துவிடுமோ என்ற பயம்தான் வளரும். நேற்றுவரை செய்ததே இன்று என் கழுத்தைப் பிடிக்கும்.

*

2024 ஜனவரி 1 அன்று எங்கள் வீட்டில் இரண்டு இலக்குகள் பிறந்தன. ஒன்று என் 60. இன்னொன்று அப்பாவுடையது. அவர் வைத்ததல்ல, நான் வைத்தது.

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் அந்தப் பரிசோதனையில் 8.4 வந்திருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் கோவைக்குப் போனபோது ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டு, செயலியில் 10,000 அடி என்று இலக்கு போட்டுக் கொடுத்தேன். என் போனிலும் அதை இணைத்துக்கொண்டேன். பெங்களூரில் இருந்தபடியே அப்பா நடக்கிறாரா என்று பார்க்கலாம். பாசத்துக்கு டேஷ்போர்டு.

ஏன் பத்தாயிரம்? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. அர்த்தம், பத்தாயிரம் அடி அளவி. அந்த எண் ஊர் உலகமெல்லாம் பரவியது ஒரு சரக்கின் பெயராகத்தான். அதைத்தான் நான் எங்கப்பா மணிக்கட்டில் கட்டினேன். இது பின்னால் தெரிந்துகொண்டது. முன்னால் தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேன், உருண்டையான எண்ணுக்கு ஒரு வசியம் இருக்கிறது.

அப்பா ஏற்கெனவே நடப்பவர்தான். தினமும் காலையில் சிங்காநல்லூர் குளக்கரைப் பக்கம், கூடவே பக்கத்துத் தெரு வாத்தியார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மெதுவாக நடப்பார். முக்கியமான விஷயம் சொல்ல வேண்டுமென்றால் நின்றுவிடுவார். அவர் சொல்வதெல்லாம் முக்கியமான விஷயம்தான். போகும்போது ஒரு டீ, வரும்போது ஒரு டீ, சர்க்கரை இல்லாமல், பெஞ்சில் உட்கார்ந்து. இருபது வருடப் பழக்கம்.

ஜனவரி முதல் வாரம் செயலியில் அப்பாவின் நாட்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. 4,100. 3,800. 4,300. நான் போன் செய்து, 'என்னப்பா பாதிகூட வரலையே' என்றேன்.

'வாத்தியாரோட போனா நாலாயிரந்தான் சாமி வருது' என்றார் அப்பா.

இரண்டாவது வாரத்திலிருந்து எல்லா நாளும் பச்சை. நான் சந்தோஷப்பட்டேன். பாராட்டி கைதட்டும் பொம்மை அனுப்பினேன். எப்படிப் பச்சையானது என்று கேட்கவில்லை, 80 சதவிகிதம் எப்படி வந்தது என்று மேனேஜர் எங்களைக் கேட்காத மாதிரி. அப்பா அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பித் தனியாக நடக்க ஆரம்பித்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அடி ஏறாது. ராத்திரி பதினொன்றரைக்கு 9,400 என்று காட்டினால் ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாராம். அம்மா சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். அப்பாவின் சர்க்கரை இறங்கியது. 8.4 ஆறு மாதத்தில் 7.1 ஆனது. அந்த எண்ணை நான் கேலி செய்ய மாட்டேன். கண்ணையும் கிட்னியையும் காப்பாற்றுகிற எண் அது. எண்ணே கெட்டது, அளப்பதே பாவம் என்று பேசும் கவித்துவமான ஆட்களை ஒருநாள் டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார வைக்க வேண்டும்.

ஆகஸ்டில் முழங்கால் போனது. வீங்கி, பத்து நாள் படுக்கை. அந்தப் பத்து நாளும் வாத்தியார் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். கால் தேறியதும் அப்பா மறுபடி தனியாகவே கிளம்பினார், விட்ட நாட்களைச் சரிக்கட்ட. நவம்பரில் வாத்தியார் தூக்கத்தில் இறந்துபோனார். அப்பா வாட்ச்சைக் கழற்றி டி.வி. ஸ்டாண்டு இழுப்பறையில் போட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. செயலியில் கோடு திடீரென்று நின்றுபோனதைப் பார்த்துத்தான், சார்ஜ் இல்லை போல என்று நினைத்து நான் போன் செய்தேன்.

வருடக் கடைசியில் அந்தச் செயலி ஓர் ஆண்டறிக்கை அனுப்பியது. அதில் இலக்கைத் தவறவிட்ட நாட்கள் என்று ஒரு பட்டியல். ஜனவரி முதல் வாரம் முழுக்க அதில் இருந்தது.

*

இதற்குமேல் யாராவது கீதையை எடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஸ்வீட் ஸ்டால் காலண்டர் வரைக்கும் வந்துவிட்ட வாசகம், கடமையைச் செய், பலனை எதிர்பாராதே. எங்கள் அலுவலகத்தில் சம்பள உயர்வு இல்லை என்று சொல்ல வந்த ஒருவர் இதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அவருடைய போனஸ் எங்கள் டீமின் டெலிவரி எண்ணோடு கட்டப்பட்டிருந்தது. இந்த வாசகம் எப்போதும் மேலிருந்து கீழேதான் சொல்லப்படும் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் தம்பி, இத்தனை ஆர்டர் முடித்தால்தான் ஊக்கத்தொகை என்று மழையில் வண்டியை முறுக்குகிறான். அவனிடம் போய் விளைவில் பற்று வைக்காதே என்று சொல்லிப் பாருங்கள். வள்ளுவர் இந்த விஷயத்தில் நேர்மையானவர். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடம்பு வருந்தி உழைத்தால் அதற்குக் கூலி உண்டு என்கிறார். கூலி என்ற சொல்லைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

கீதையை நிஜமாகவே உழைத்துப் படித்த ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்கலாம். காந்தி கீதையைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து, அதற்கு 'அனாசக்தி யோகம்' என்று பெயர் வைத்தார், பற்றின்மையின் யோகம். அது வெளியானது 1930 மார்ச் 12, தண்டிக்குப் புறப்பட்ட அதே நாள். அதன் முன்னுரையில் பலனைத் துறப்பதென்றால் விளைவைப் பற்றி அசட்டையாக இருப்பதல்ல என்று தெளிவாகவே எழுதுகிறார். என்ன விளைவு வரும், அதற்கு வழி என்ன, அதற்கான திராணி இருக்கிறதா, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். எழுதிவிட்டு அறுபது வயதில் 24 நாள், சுமார் 385 கிலோமீட்டர் நடந்தார். மந்தமாக நடந்தவர் அல்ல. இடுப்பில் கடிகாரத்தைத் தொங்கவிட்டு, எந்த ஊரில் எப்போது இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டு நடந்தவர். ஆனால் போகிற வழியில் ஒவ்வொரு கிராமத்திலும் நின்றார், பேசினார், கேட்டார். தண்டிக்கு ரயிலில் போயிருந்தால் சீக்கிரம் உப்பெடுத்திருக்கலாம்.

பலன்? 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு கிடைக்கும் கடலோரப் பகுதி மக்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. உப்புச் சட்டம் அப்படியே இருந்தது. ஓ.கே.ஆர். கணக்கில் 0.3 போட்டு, அடுத்த காலாண்டில் கவனம் தேவை என்று எழுதியிருப்பார்கள்.

சுந்தர ராமசாமியின் நாவல்கள் மூன்று. 1966, 1981, 1998. நடுவிலிருந்த வருடங்களில் அவருக்கு டிசம்பர் 31 வராமலா இருந்திருக்கும்?

எனக்கு வரப்போகும் பதில் தெரியும். 'நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா எண் இல்லைன்னா நான் ஒண்ணுமே செய்ய மாட்டேன்.' உண்மைதான். 2025இல் நான் எந்த எண்ணும் வைக்கவில்லை. 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்தேன், இரண்டரை மாதம் ஆனது, முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து படித்தேன். மெடானும் பினாங்கும் தெரு தெருவாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. அதற்கப்புறம் ஏறக்குறைய நான்கு மாதம் எதுவும் படிக்கவில்லை, ராத்திரியெல்லாம் ரீல்ஸ்தான் பார்த்தேன். எண்ணை விட்டதும் ஞானம் வந்துவிடவில்லை. சோம்பேறித்தனம் சோம்பேறித்தனமாகவே வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம், அந்த நான்கு மாதத்தை மெல்லிய புத்தகங்களால் மறைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்று யோசிக்க முடிந்தது. வேலை பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இலக்கு வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடன் அடைக்க, பரீட்சை பாஸாக, சர்க்கரை குறைக்க எண் வேண்டும், அங்கே 'பயணமே இன்பம்' என்று உளறக் கூடாது. நான் கேட்பது, அந்த எண் எட்டப்பட்டால் யாருக்காவது ஏதாவது ஆகுமா என்று. 7.1 என்றால் அப்பாவின் கண்ணுக்கு ஏதோ ஆகும். 61 புத்தகம் என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, முகநூலில் நாற்பது லைக் தவிர. ரெண்டுக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். போதாததற்கு, டாக்டர் சொன்னது நடக்க மட்டும்தான். பத்தாயிரத்தைச் சேர்த்தது நான். 7.1க்கு நாலாயிரமும் வாத்தியாரும் போதாது என்று யார் சொன்னது? அதை நாங்கள் சோதித்தே பார்க்கவில்லை.

இந்த வருடம் வெண்முரசைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். முடிப்பேனா தெரியாது, போன் செய்த அந்த நண்பரோடு வாரம் ஒரு முறை பேசலாம் என்பதற்காக. அவர் எத்தனையாவது நாவலில் இருக்கிறார் என்று கேட்டேன், எண்ணுவதை விட்டுவிட்டாராம். நம்ப மாட்டேன், இருந்தாலும் சரி.

ஜனவரி 1 கோவையில் இருந்தேன். காலையில் அப்பா கிளம்பினார், நானும் கூடப் போனேன். முழங்காலுக்குப் பிறகு இப்போது அவர் மெதுவாகத்தான் நடக்கிறார். நான் ரெண்டு எட்டு முன்னால் போய்விட்டுத் திரும்பித் திரும்பி நின்றேன். குளக்கரையில் ஓரிடத்தில் அவரே நின்று, வாத்தியார் வீட்டை விற்கப் போகிறார்களாம் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பின்னால் வந்து பக்கத்தில் நின்றுகொண்டேன்.